செத்த பிறகுதான் கோபப்படலாமா? பேய்ப்படங்களில் பெண்கள்: விவாத இழை

வற்றாப்பளை வாசகி

எங்கள் மாதர் சங்கத்தில் மாதம் ஒரு தடவை சங்கக் கட்டடத்தில் படம் போட்டுப் பார்த்துவிட்டு, அதைப் பற்றிக் கதைப்போம். அடுத்த மாதம் பேய்ப்படம்தான் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு மறுப்பில்லை. ஆனால் எதைப் போடலாம் என்று பட்டியல் எழுத உட்கார்ந்தபோது கோபம்தான் வந்தது. அதை இங்கே வைக்கிறேன். உறவுகள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

தமிழில் வந்த பேய்ப்படங்களில் பெரும்பாலானவற்றின் கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஒரு பெண்ணைக் கெடுக்கிறார்கள், எரிக்கிறார்கள், புதைக்கிறார்கள். உயிரோடு இருந்தவரைக்கும் அவள் அழுதாள், கெஞ்சினாள், ஓடினாள். செத்த பிறகு வந்து கொல்கிறாள். பிறகு ஒரு சாமியாரோ வைத்தியரோ கதாநாயகனோ அவளை அடக்கி அனுப்பிவைக்கிறான். நீதி கிடைத்துவிட்டது என்று சனம் எழும்பி வீட்டுக்குப் போகிறது. இதே கோபம் உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு வந்தால் அதே படங்களில் அவளுக்குப் பெயர் அடங்காப்பிடாரி. கோபப்படுவதற்கு அவள் முதலில் சாகவேண்டும். இது எந்த ஊர் நியாயம்?

அவளுக்குப் போடும் உடையைப் பாருங்கள். வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், பொட்டில்லாத நெற்றி, வளையல் இல்லாத கை. அறுபதுகளின் கறுப்பு வெள்ளைப் படங்களில் இரவில் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்த உருவத்திலிருந்து இந்த வேடம் அதிகம் மாறவில்லை. இது யாருடைய உடை? கணவன் செத்த பெண்ணுக்கு எங்கள் சமூகம் கட்டிவிட்ட உடை. போர் முடிந்த மண்ணில், ஒரு ஒழுங்கைக்கு எத்தனை வீட்டில் துணையை இழந்த பெண்கள் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு இந்த உருவத்தைப் பார்த்து அலறச் சொல்கிறார்கள். நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது எதிரில் அவள் வரக்கூடாது என்று நினைக்கும் மனம்தான் திரையில் அவளைப் பேயாக்குகிறது.

இன்னொன்று. 2005 இல் வந்த சந்திரமுகியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாட்டியக்காரியைப் பிடித்து வந்து, அவள் விரும்பியவனின் தலையை வெட்டி, அவளை உயிரோடு எரிக்கும் வேட்டையன் ஒருவன். அவள் தன்னுள் வந்துவிட்டதாக நம்பும் கங்காவைக் குணப்படுத்தும் மனநல வைத்தியர் இன்னொருவர். இரண்டு பேரையும் நடித்தவர் ஒரே நடிகர். எரித்தவனுக்கும் ஆற்றியவனுக்கும் ஒரே முகம். சனம் இரண்டுக்கும் விசிலடித்தது. படம் முடியும்போது கங்காவுக்கு நடந்தது எதுவுமே நினைவில்லை. சந்திரமுகியின் வழக்கு அங்கேயே மூடப்பட்டுவிடுகிறது.

பரந்தன் சந்தி

அக்கா, நீங்கள் சொல்வது ஒரு பக்கம் சரி. ஆனால் பேய்ப்படம்தான் எங்கள் சினிமாவில் பெண்ணை நடுவில் நிறுத்திய படம். மற்றப் படங்களில் கதாநாயகி நான்கு பாட்டுக்கு ஆடிவிட்டுப் போவாள். சந்திரமுகியின் பெயர்தான் படத்தின் பெயர். சோதிகா கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைக்கும் காட்சிக்குப் பிறகு அந்தப் படத்தில் வேறு யாரையும் எனக்கு நினைவில்லை.

மின்சாரம் இல்லாத காலத்தில் ஜெனரேட்டர் பிடித்து, டெக் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய படம் பார்த்த தலைமுறை நாங்கள். மண்ணெண்ணெய்க்கே அல்லாடிய நேரத்தில் வீட்டுக்கு வீடு காசு சேர்த்துப் படம் போட்டோம். பேய்ப்படம் என்றால் முன்வரிசையில் இருந்தது பெண்கள்தான். வில்லனைப் பேய் கொல்லும்போது முதலில் கைதட்டியதும் அவர்கள்தான். வேறு எங்கேயும் அவர்களுக்குக் கைதட்ட இடம் இருக்கவில்லை. அந்த மகிழ்ச்சியையும் பிற்போக்கு என்று சொல்லிப் பறித்துவிடாதீர்கள்.

2009 இல் வந்த ஈரம் படத்தைப் போடுங்கள். சாமியார் இல்லை, வெள்ளைச் சேலை இல்லை, தண்ணீர்தான் பேய். மனைவியைச் சந்தேகப்பட்டுக் குளியல் தொட்டியில் அமுக்கிக் கொன்ற கணவன். அவளைப் பற்றிப் பொய் கதைத்த அயலவர்கள் ஒவ்வொருவரையும் தண்ணீர் தேடி வருகிறது. கதைத்த வாய்க்கும் தண்டனை உண்டு என்று சொன்ன தமிழ்ப்படம் வேறு எது?

கரைச்சி நூலகன்

இந்தக் கேள்வியைச் சினிமா ஆய்வாளர்கள் நீண்ட காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கரோல் குளோவர் 1992 இல் வெளியிட்ட நூலில், அமெரிக்கக் கொலைப்படங்களில் கடைசியில் உயிர் தப்புகிற பெண்ணைப் பற்றி எழுதினார். கூடப் பழகிய பிள்ளைகள் எல்லோரும் வெட்டுப்பட்டுப் போக, காதல், களியாட்டம் என்று எதிலும் இறங்காத ஒருத்தி மட்டும் மிஞ்சுவாள். நல்ல பிள்ளையாக இருந்தால் உயிர் மிஞ்சும் என்ற கணக்கு. அடுத்த ஆண்டு பார்பரா கிரீட் வேறொரு பக்கத்தைக் காட்டினார். பெண் இந்தப் படங்களில் இரையாக மட்டும் வருவதில்லை, அச்சத்தின் உருவமாகவே வருகிறாள். பூப்படைதல், கருப்பை, பிள்ளைப்பேறு என்று பெண்ணுடம்பின் இயல்புகளையே அருவருப்பாக்கிப் பயம் காட்டுகிறார்கள் என்றார். 1973 இல் வந்த எக்சோர்சிஸ்டில் பேய் பிடிப்பது பன்னிரண்டு வயதுச் சிறுமியை. தாய் தனியாகப் பிள்ளை வளர்ப்பவள். வீட்டுக்குள் ஒழுங்கைக் கொண்டுவருவது இரண்டு பாதிரிமார்.

எங்கள் பக்கத்தில் இதைவிட வியப்பான ஒன்று உண்டு. இசபெல் நபோக்கோவ் என்ற மானிடவியலாளர் தமிழ்நாட்டில் தென்னார்க்காட்டுக் கிராமங்களில் பேயோட்டும் சடங்குகளை இருந்து பார்த்து, 2000 ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டவற்றில் பேய் பிடித்தவர்கள் பெரும்பாலும் புதிதாகக் கல்யாணம் கட்டி வந்த இளம் பெண்கள். பிடித்த பேய்கள் ஆண்கள்: காதல் கைகூடாமல் தற்கொலை செய்தவர்கள், அகாலத்தில் செத்தவர்கள். பம்பை மேளம் அடித்துச் சடங்கு நடத்தும் பம்பைக்காரர்கள் அந்த ஆண் பேயைப் பேசவைத்து, பெண்ணின் தலைமயிரில் ஒரு கற்றையை மரத்தில் ஆணி அடித்து ஓட்டுவார்கள். ஊரில் ஆண் பேயிடம் பெண் அகப்பட்டு நிற்கிறாள். சினிமா இதைத் தலைகீழாக்கியது: பேயைப் பெண்ணாக்கியது, பயப்படுகிறவனை ஆணாக்கியது. குற்றம் செய்தவன் பயந்து நடுங்கும்போது பார்ப்பவரின் இரக்கம் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

வற்றாப்பளை வாசகி

தம்பி சந்தி, கைதட்டிய பெண்களில் நானும் ஒருத்தி. அந்த மகிழ்ச்சியை யாரும் பறிக்கவேண்டாம். அதற்கு மேலே ஒன்றைக் கேட்கிறேன்.

ஈரம் நல்ல படம். கொலை செய்தவனோடு சேர்த்து அயலையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. ஒருத்தி வீட்டுக்கு யார் வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று கணக்கு வைத்திருக்கும் அயல் எங்களிடமும் இருக்கிறது. கணவனைக் காணாதவள் வீட்டுக்கு வேலி அடைக்க ஒருவர் வந்தால் போதும், கதை தெருமுனைக்குப் போய்விடும். கடன் காசு வாங்க வருகிறவன் படலையில் நின்று சத்தம் போட்டால், அதற்கும் அவள் நடத்தையில்தான் பிழை கண்டுபிடிப்பார்கள்.

ஆனால் அந்தப் படத்தின் கண்ணீர் முழுக்க ஒரு புள்ளியில் தங்கி நிற்கிறது: ரம்யா குற்றமற்றவள். கணவன் நினைத்தது பொய். ஒருவேளை அது உண்மையாக இருந்திருந்தால்? அவள் பழைய காதலனை விரும்பியே இருந்திருந்தால்? அப்போது அந்தக் கொலைக்கு நாங்கள் அழுவோமா? தண்ணீர் அவளுக்காக வந்திருக்குமா? பேயாக வருவதற்கும் கற்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். எங்கள் சங்கத்தில் இந்தக் கேள்வியைப் போட்டால் அன்று பின்னேரம் பெரிய சண்டை நடக்கும். அந்தச் சண்டை நடக்கவேண்டும் என்பதற்காகவே அந்தப் படத்தைப் போடலாம் என்று நினைக்கிறேன்.

மாங்குளம் தாதி

மனநலப் பிரிவில் வேலை செய்கிற அனுபவத்தில் எழுதுகிறேன். யாருடைய கதையையும் இங்கே சொல்லமாட்டேன், பொதுவாகச் சொல்கிறேன்.

பேய் பிடித்தது, கலை (அருள்) வந்து ஆடுகிறாள் என்று கூட்டி வரப்படும் பெண்களில் பலர் வாய் திறக்க இடமில்லாதவர்கள். மாமியாரைப் பார்த்து, கணவனைப் பார்த்து, தகப்பனைப் பார்த்து நீ என்று சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. பேய் வந்த அரை மணி நேரத்தில் சொல்லலாம். அப்போது எல்லோரும் கேட்கிறார்கள், கும்பிடுகிறார்கள், என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். பிறகு மயங்கி விழுவாள். எழும்பினால் எதுவும் நினைவில்லை என்பாள். சந்திரமுகியின் கங்காவும் அப்படித்தான் எழும்புகிறாள். நினைவிருக்கிறது என்று சொன்னால் அவளுக்குப் பாதுகாப்பு இல்லை.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியின் கூட்டு மனவடு பற்றி 2010 இல் எழுதியபோது, தனி ஆளுக்கு மட்டும் காயம் இல்லை, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்தே காயம் என்பதை விளக்கினார். காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டைப் பாருங்கள். எட்டுச் செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை, திவசத்துக்குத் திகதி இல்லை. பொட்டு வைப்பதா, அழிப்பதா என்று மனைவிக்குத் தெரியாது. வைத்தால் ஒரு கதை, வைக்காவிட்டால் இன்னொரு கதை. தாய்மார் சாத்திரியிடம் போய், மகன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு சாத்திரி இருக்கிறான் என்பார், இன்னொருவர் இல்லை என்பார். இருக்கிறான் என்று சொன்னவரிடம் திரும்பப் போவார்கள். பேய்ப்படத்தில் ஆவிக்கு ஒரு முடிவு கிடைக்கும். இந்தத் தாய்மாருக்கு அது கிடைக்கவில்லை.

படங்கள் மேல் எனக்கு உள்ள மிகப் பெரிய கோபம் பேயோட்டும் காட்சிகள்தான். பெண்ணைக் கட்டிவைத்து, மயிரைப் பிடித்து, பிரம்பால் அடிப்பதைத் திருவிழாவாகக் காட்டுகிறார்கள். அடி அவளுக்கு நோகாது, உள்ளே இருக்கும் பேய்க்குத்தான் நோகும் என்று அந்தக் காட்சி சொல்லிக்கொடுக்கிறது. அப்படி அடிபட்ட உடம்புக்கு மருந்து போடுவது நாங்கள். நோய் வந்த ஒரு பிள்ளையைத் தெருவில் சந்திரமுகி என்று பட்டம் தெளித்துக் கூப்பிட்டதால் அவள் கிளினிக் வருவதையே நிறுத்தியிருக்கிறாள்.

2019 இல் வந்த கேம் ஓவர் படத்தை இந்த ஒரு காரணத்துக்காக மதிக்கிறேன். பாலியல் வன்முறைக்கு உள்ளானவள், அந்த நாள் திரும்பி வரும்போது உடம்பாலேயே நடுங்குகிறாள். இருட்டறைக்குள் போக முடியாது. பெற்றோரோ அவள் மேல்தான் பழி போடுகிறார்கள். ஆண்டு திரும்பும்போது நோவும் திரும்பும் என்பதை அந்தப் படம் சரியாகச் சொன்னது. இங்கே, போர் முடிந்த மே மாதம் ஒவ்வொரு ஆண்டும் வரும்போது எங்கள் பிரிவில் இருக்கும் கூட்டத்தைப் பார்த்தால் அது விளங்கும்.

வவுனியா நிலா

காஞ்சனாவைப் பற்றி யாரும் தொடவில்லை. நான் திருநங்கை. அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

2011 இல் அது வந்தபோது முதல் தடவையாக ஒரு திருநங்கைக்குத் தமிழ்ப்படம் ஒரு கனவைக் கொடுத்தது. பெற்றவர்கள் விரட்டிய காஞ்சனா, தன்னைப் போலவே விரட்டப்பட்ட பிள்ளையை எடுத்து வளர்த்து வைத்தியராக்குகிறாள். ஏழைகளுக்கு வைத்தியசாலை கட்டக் காணி வாங்குகிறாள். அரசியல்வாதி காணியைப் பறித்து, அவளைக் கொன்று, அந்தக் காணியிலேயே புதைக்கிறான். சரத்குமார் அதை மரியாதையாகவே நடித்தார். நான் அழுதேன். இப்போதும் அந்தப் பகுதி வந்தால் அழுவேன்.

ஆனால் இடைவேளை வரைக்கும் என்ன நடக்கிறது? கதாநாயகனுக்குள் காஞ்சனா புகுந்துவிட்டாள் என்பதைக் காட்ட அவன் சேலையைப் போர்த்துகிறான், வளையல் போடுகிறான், நடையை நெளிக்கிறான். தியேட்டர் சிரிக்கிறது. அந்த நடை எங்களுடைய நடை. முதல் பாதியில் எங்களைப் பார்த்துச் சிரிக்கப் பழக்கிவிட்டு, இரண்டாம் பாதியில் அழச் சொல்கிறார்கள். சனம் வெளியே கொண்டு போனது சிரிப்பைத்தான். படம் வந்த பிறகு பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்துக் காஞ்சனா என்று கத்தியவன் எவனும் அவள் கட்ட நினைத்த வைத்தியசாலையை நினைத்துக் கத்தவில்லை.

உயிரோடு இருக்கும் திருநங்கைக்கு வாடகைக்கு அறை இல்லை. செத்துப் பேயான திருநங்கைக்குக் கோடிக் கணக்கில் வசூல். வாசகி அக்கா கேட்ட கேள்வி எங்களுக்கு இரண்டு மடங்கு பொருந்தும்.

பரந்தன் சந்தி

நிலா அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அந்த முதல் பாதியை என்னால் பழையபடி பார்க்க முடியாது. இரண்டாம் பாதிக்காக நான் அந்தப் படத்தை விட்டுக்கொடுக்கமாட்டேன். காணி பறிக்கப்பட்டவர் எவரும் அதை விட்டுக்கொடுக்கமாட்டார்.

மிஷ்கினின் பிசாசு, 2014. அதையும் கணக்கில் எடுங்கள். வீதி விபத்தில் செத்த பெண் தன் சாவுக்குக் காரணமானவனின் வீட்டுக்கே வருகிறாள். பழி வாங்க வரவில்லை. அவனைக் காப்பாற்றுகிறாள். உண்மை தெரிந்த பிறகும் அவள் கை அவன் மேல் ஓங்கவில்லை. பேய்ப்படத்துக்குள் அன்பைக் கொண்டுவந்த படம்.

வற்றாப்பளை வாசகி

அழகான படம், மறுக்கவில்லை. எனினும் மன்னிப்பதும் அவள் வேலையா? கொன்றவனையும் காப்பாற்றும் பெண் தெய்வம், கொல்லும் பெண் பேய். இந்த இரண்டுக்கும் நடுவில் வழக்குப் போடுகிற, இழப்பீடு கேட்கிற, மன்னிக்க மறுத்துவிட்டுத் தன் பாட்டில் வாழ்கிற பெண்ணுக்குத் திரையில் இடம் எங்கே?

முள்ளியவளை மூத்தவள்

பேத்தி தட்டித் தருகிறாள், நான் சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் பிள்ளைப்பேறு நடக்கும் வீட்டில் கொத்தி என்ற பேய்க்குப் பயப்படுவார்கள். தாயையும் பிள்ளையையும் பிடிப்பாள் என்று சொல்வார்கள். அவளுக்குப் படையல் வைத்து, கழிப்புக் கழித்து அனுப்புவார்கள். அதைச் செய்தவள் மருத்துவிச்சி. அவளும் பெண், பெற்றவளும் பெண், கொத்தியும் பெண். அடித்து விரட்டவில்லை. உனக்கு உரியது இந்தா, எடுத்துக்கொண்டு போ என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினோம். சினிமாவில் அப்படி ஒரு காட்சியை நான் காணவில்லை. அங்கே மீசை வைத்த பூசாரி வந்துதான் கத்துவான்.

பிள்ளைகளே, வெள்ளைச் சேலையைப் பற்றி எழுதியது உண்மை. என் இருபதுகளில் என்னை அப்படி உடுக்க வைத்தார்கள். இருட்டின பிறகு கிணற்றடிக்குப் போனால் சின்னப் பிள்ளைகள் பயந்து ஓடும். பிள்ளைகள் ஓடினதை நான் மறப்பேன். அதைப் பார்த்துவிட்டு, நீ ஏன் இந்த நேரத்தில் வெளியே வந்தாய் என்று கேட்ட பெரியவர்களை மறக்கமாட்டேன்.

எங்கள் வற்றாப்பளைத் தாய், கண்ணகி அம்மன், யார்? கணவனைக் கொன்றார்கள் என்று தெரிந்ததும் அவள் செத்துப் பேயாக வரவில்லை. உயிரோடு, காலால் நடந்து, அரண்மனை வாசலில் நின்று கேட்டாள். மன்னன் முகத்துக்கு நேரே பிழையைச் சொன்னாள். ஊரை எரித்தாள். அவளுக்குத்தான் வைகாசியில் பொங்குகிறோம். சிலாவத்தைக் கடலில் எடுத்த உப்புத் தண்ணீரில் விளக்கு எரிகிறது. அவள் கோபத்துக்கு நாங்கள் பயப்படுகிறோம், கும்பிடுகிறோம். அவளை அடக்கவேண்டும் என்று எந்தப் பூசாரியும் சொன்னதில்லை. படம் எடுக்கிறவர்கள் ஒரு பொங்கலுக்கு வந்து பார்க்கட்டும்.

கிறீஸ் பூதம் வந்த ஆண்டையும் எழுதச் சொல் என்று பேத்தியிடம் சொன்னேன்.

கரைச்சி நூலகன்

அம்மா சொன்ன கிறீஸ் பூதம் 2011 ஓகஸ்டில் நாடு முழுக்கப் பரவிய பீதி. மலையகத்திலும் கிழக்கிலும் வடக்கிலும், உடம்பில் கிறீஸ் பூசிய உருவங்கள் இரவில் வந்து பெண்களைத் தாக்கின என்று முறைப்பாடுகள் எழுந்தன. துரத்திக்கொண்டு போன சனம் படை முகாம்களின் வாசலில் போய் நின்ற செய்திகளும் வந்தன. யாழ்ப்பாணத்தில் நாவாந்துறையில் பூதத்தைத் துரத்தியவர்கள்தான் அடிபட்டுக் கைதானார்கள். இங்கே அப்போது மீள்குடியேறிய வீடுகளுக்குக் கதவு இல்லை. தறப்பாள்தான். பல வீடுகளில் பெண்ணும் பிள்ளைகளும் மட்டும். பேய்ப்படத்தில் பூட்டிய கதவுக்குப் பின்னால் பெண் நடுங்குவாள். கதவே இல்லாத வீட்டுப் பயத்தை யார் படமாக்கினார்கள்?

அதைத் தொட்ட படங்கள் வேறு நாடுகளில் இருக்கின்றன. இரண்டைச் சொல்கிறேன்.

2016 இல் பாபக் அன்வரி எடுத்த அண்டர் த ஷேடோ. 1988 இல் தெஹ்ரான் நகரம், ஈராக்குடன் போர். ஷிதே மருத்துவம் படித்தவள். மாணவ காலத்து அரசியலுக்காகத் திரும்பப் படிக்க விடமாட்டார்கள். கணவன் போர்முனைக்குப் போய்விட, மகளோடு தனியாக இருக்கிறாள். மேல்மாடியில் வெடிக்காத ஏவுகணை வந்து விழுகிறது. அதோடு ஜின்னும் வந்துவிட்டது என்று அயல் சொல்கிறது. ஒரு கட்டத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுகிறாள். தலையை மூடாமல் ஓடி வந்தாள் என்று பிடித்து வைத்துப் புத்தி சொல்கிறார்கள். வீட்டுக்குள் ஜின், வெளியே அரசு, மேலே ஏவுகணை.

மற்றது லா யொரோனா, 2019, குவாத்தமாலா, இயக்கம் கைரோ புஸ்தமாந்தே. அந்த நாட்டில் 2013 மே மாதம் முன்னாள் ஆட்சியாளர் ரியோஸ் மொந்துக்கு, இக்சில் என்ற பழங்குடி மக்களை இனப்படுகொலை செய்ததற்கும் மனித குலத்துக்கு எதிரான குற்றத்துக்கும் சேர்த்து 80 ஆண்டுச் சிறை விதித்தது நீதிமன்றம். பத்தே நாளில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. அந்தச் செய்தியிலிருந்து பிறந்த படம். தண்டனை ரத்தான தளபதி தன் மாளிகைக்குள் இருக்கிறான். வெளியே காணாமல் போனவர்களின் படங்களை ஏந்திக்கொண்டு சனம் இரவும் பகலும் நிற்கிறது, கத்துகிறது, பாடுகிறது. உள்ளே வேலைக்கு வரும் பழங்குடிப் பெண் ஒருத்திதான் ஆவி.

லத்தீன் அமெரிக்காவில் வழங்கும் பழைய கதையில், அழுதுகொண்டு அலையும் அந்தப் பெண் தன் பிள்ளைகளைத் தானே ஆற்றில் அமுக்கியவள். பழி தாய் மேல். இந்தப் படத்தில் பிள்ளைகளை அமுக்கியவர்கள் படையினர். பழியைத் தாயிடமிருந்து எடுத்துச் செய்தவன் தலையில் வைக்கிறது. தளபதியின் மனைவி கனவில் அந்தத் தாயாகவே மாறி, நடந்ததைத் தன் உடம்பில் காண்கிறாள்.

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தைத் தெரிந்த யாரும் அந்த மாளிகை வாசலைப் பார்த்தால் எழும்பி நின்றுவிடுவார்கள். 2023 ஜூன் கடைசியில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் எலும்புகள் வந்தன. பெண்களின் உடைகளும் வந்தன. பேய்ப்படங்களில் எலும்பு கிடைத்ததும் கதை முடியும், கொள்ளி வைத்ததும் ஆவி போகும். எங்களுக்கு எலும்பு கிடைத்த இடத்தில் விசாரணையும் பாதீடும் திகதியும்தான் தொடங்குகின்றன.

ஸ்காபரோ, முன்பு விசுவமடு

2020 இல் வந்த ஹிஸ் ஹவுஸ் படத்தையும் சேருங்கள். தெற்கு சூடானிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வரும் கணவன் மனைவி. அரசு கொடுத்த வீட்டுக்குள் ஆவி. கணவன் எல்லாவற்றையும் எரித்துவிட்டு, கரண்டியும் முள்ளும் பிடித்துப் புது ஆளாகப் பார்க்கிறான். மனைவி ரியால் தரையிலிருந்து கையால் சாப்பிடுகிறாள். செத்தவர்களை மறக்கமாட்டேன் என்கிறாள். அவன் கண்ணில் அவள்தான் தடை. கடைசியில் தெரிகிறது, அவர்களோடு வந்து கடலில் போன சிறுமி அவர்கள் பிள்ளையே இல்லை. பஸ்ஸில் இடம் கிடைக்க அவன் பறித்தெடுத்த வேறொருத்தியின் மகள்.

உயிர் தப்ப நாங்கள் செய்தவை எங்களோடு வந்திருக்கின்றன. இங்கே அதைப் பற்றி ஆண்கள் கதைப்பதில்லை. பெண்கள் கதைத்தால், பழையதைக் கிளறாதே என்பார்கள். அந்தப் படம் முடிந்த பிறகு நானும் என் மனைவியும் முதல் தடவையாக, கடைசிப் போர் நடந்த மாத்தளனைப் பற்றிக் கதைத்தோம். அதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன்.

மாங்குளம் தாதி

வாசகி ரீச்சர், அண்டர் த ஷேடோவைச் சங்கத்தில் போடுவதென்றால் ஒரு சொல். அந்தப் படத்தின் ஒலி சாதாரண ஒலி இல்லை. சைரன், வருகிற ஏவுகணையின் சத்தம், நிலவறைக்கு ஓடுவது எல்லாம் உண்டு. பங்கரில் பிள்ளையை மடியில் வைத்திருந்தவர்கள் இருட்டு அறையில் அதைக் கேட்கப்போகிறார்கள். லா யொரோனாவில் ஒரு இக்சில் தாய் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் காட்சி இருக்கிறது. பாரமான காட்சி. தேவையானால் நானும் ஒரு உளவளத்துணையாளரும் வந்து இருக்கிறோம். கதவைத் திறந்து வையுங்கள், விளக்கை முழுதாக அணைக்காதீர்கள்.

முள்ளியவளை மூத்தவள்

தாதிப் பிள்ளை நல்ல மனத்தோடு சொல்கிறாள். ஆனால் எங்களால் தாங்க முடியாது என்று எங்களைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். என்ன படம், உள்ளே என்ன இருக்கிறது என்று முதலே சொல்லுங்கள். வருகிறவள் வரட்டும்.

வற்றாப்பளை வாசகி

அம்மா சொன்னபடியே இன்று சங்கத்தில் மூன்று படத்தின் கதையையும் உள்ளே என்னென்ன காட்சிகள் இருக்கின்றன என்பதையும் சொன்னேன். சாட்சிக் காட்சியைப் பற்றிச் சொன்னதும் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, மகனைத் தேடும் ஒரு தாய், அந்தத் தளபதியை அவள் என்ன செய்கிறாள் என்று கேட்டார். முடிவைச் சொல்லமாட்டேன் என்றேன். அப்படியென்றால் அதைத்தான் போடவேண்டும் என்றார்கள். ஈரம் அதற்கு அடுத்த மாதம். கற்புக் கேள்வியை அப்போது எடுப்போம். நிலா, உங்களை அன்றைக்குப் பேச அழைக்கச் சொன்னார்கள். பஸ் செலவு சங்கம் தரும், இரவு தங்க என் வீடு இருக்கிறது.

இப்போது வேலையைச் சொல்கிறேன். லா யொரோனாவுக்குத் திரையின் கீழே ஓடும் எழுத்து தமிழில் இல்லை. ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழாக்கி, புரொஜெக்டரில் ஓடும்போது ஒருவர் வாசிக்கலாம். முதல் அரை மணி நேரத்தை நான் எழுதுகிறேன். நடுப்பகுதியை நூலகன் தம்பி எடுங்கள். சாட்சிக் காட்சியை மாங்குளம் தாதி எழுதினால் நல்லது. சொற்களைப் பார்த்துப் போடுவீர்கள். தளபதியின் குரலை வாசிக்க ஒரு ஆண் வேண்டும். சந்தி, வருகிறீர்களா? பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கினால்தான் புதுக்குடியிருப்புப் பக்கம் போகிறவர்களுக்குக் கடைசி பஸ் கிடைக்கும்.

பரந்தன் சந்தி

வருகிறேன் அக்கா. ஜெனரேட்டரும் கொண்டுவருகிறேன், மின்சாரம் நின்றால் உதவும். தளபதியின் வசனத்தை முன்கூட்டியே அனுப்புங்கள்.